கதையைக் கேட்க விடுங்கள், கேள்வி கேட்காதீர்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தொடக்க வகுப்புகளுக்கான ஆங்கிலப் பாடநூலும் ஆசிரியர் கையேடும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியை இல்லை. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில், பள்ளி விட்ட பிறகு ஊரிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள். 2021 கடைசியில் திட்டம் தொடங்கியபோது சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 18 பிள்ளைகள். தமிழும் கணக்கும் எப்படியோ ஓடிவிடும். ஆங்கிலம் என்றால் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் கொட்டாவி வரும்.

உங்களுக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு செருப்பு தொலைந்த கதையைச் சொல்லி, அதை வைத்து ஒன்றிரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு நாள் கரண்ட் இல்லை. எழுத முடியாது. சரி, கதை சொல்லலாம் என்று நானே ஒன்று கட்டினேன். ஒரு தாய் ஆடு தன் குட்டியைக் காணாமல் தேடிப் போகிறது. வழியில் கோழியைப் பார்க்கிறது, பசுவைப் பார்க்கிறது, நாயைப் பார்க்கிறது, கிணற்றடியில் தவளையைப் பார்க்கிறது. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: "ஹேவ் யூ சீன் மை பேபி?" ஒவ்வொன்றும் ஒரே பதில்: "நோ, ஐ ஹேவன்ட்." கடைசியில் குட்டி எங்கேயும் போகவில்லை, வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை. முதல் நாள் தமிழில் சொன்னேன். மறுநாள் அதையே நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் படித்தேன். எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, கொழுந்தனாரிடம் காட்டித் திருத்தவும் செய்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் கணக்கு நோட்டை எடுத்தால், "அக்கா, ஆட்டுக் கதை" என்று ஒரே கூச்சல். நான்காம் நாள் நான் "ஹேவ்" என்று ஆரம்பிக்கும் முன்பே மொத்தத் திண்ணையும் முந்திக்கொண்டு கேட்டது. தவளை பேசும்போது தொண்டையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களாகவே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில்தான் செருப்பு தொலைந்தது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன் என்று அவன் டீச்சரே என்னிடம் சொல்லியிருந்தார். கிளம்பும் நேரத்தில் திண்ணைக்குக் கீழே குனிந்து தேடுகிறான். நிமிர்ந்தான், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டான்: "ஹேவ் யூ சீன் மை செருப்பு?"

அவள் பையை மாட்டிக்கொண்டே, "நோ, ஐ ஹேவன்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் செருப்பைத் தேட உதவவில்லை. அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இதே விஷயத்தை நான் பள்ளியில் எப்படிப் படித்தேன் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. "ஹேவ் அல்லது ஹேஸ், கூட்டல் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்." கணக்குச் சூத்திரம் போல. "கோ, வென்ட், கான்", "சீ, சா, சீன்" என்று மூன்று பத்திப் பட்டியலை வருஷக்கணக்கில் உருப்போட்டோம். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் எனக்கு நல்ல மார்க். ஆனால் அந்தச் சூத்திரத்தை வைத்து ஒரு மனுஷியிடம் ஒரு சாமானைப் பார்த்தாயா என்று நான் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை. அந்தப் பையனுக்கு அது என்ன டென்ஸ் என்று தெரியாது. எப்போது கேட்க வேண்டும் என்று தெரியும்.

பட்டப்படிப்பு முடித்து ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எதிரே இருந்தவர் ஏதோ கேட்டார். என் காதில் "வாட்டய டூ" என்று விழுந்தது. மூன்று முறை "சார்?" என்றேன். நான்காம் முறை அவர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார்: "வாட். டூ. யூ. டூ." நான்குமே ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த சொற்கள்! எழுதிக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தவளுக்கு ஆங்கிலத்தின் சத்தம் தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை, அது வேறு.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. எழுத்துத் தெரிந்தால் ஏறக்குறைய ஒலியும் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை, ஆங்கிலத்திலும் எந்த எழுத்தையும் ஏமாற்றாமல் நேர்மையாக ஒலிக்கிறது. கத்தியை "க்னைஃப்" என்கிறது. நடப்பதை "வால்க்" என்கிறது. தீவு "இஸ்லேண்ட்" ஆகிறது. எங்கள் திண்ணையில் ஒரு ராஜாவுக்கு அழகான "டாக்டர்" ஒருத்தி இருந்தாள், அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஏழு நாட்டு இளவரசர்கள் வந்தார்கள். மகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒரு பிள்ளை அப்படித்தான் படித்தாள், அவள் மேல் தப்பில்லை. இதில் உச்சம், கவனித்துக் கேள் என்பதற்கான ஆங்கிலச் சொல். அதில் ஒரு ஊமை எழுத்து இருக்கிறது. பிள்ளைகள் அதை "லிஸ்டென்" என்று படிக்கிறார்கள். கேள் என்ற சொல்லையே கேட்காமல் படித்திருக்கிறார்கள்.

சொல்லின் ஒலி முன்பே காதில் இருந்தால், பிறகு அந்தச் சொல்லை அச்சில் பார்க்கும்போது பிள்ளை, "அட, இதைத்தான் இப்படி எழுதுவார்களா" என்று சிரித்துவிட்டுப் போகும். காதில் இல்லாத சொல்லை அச்சில் முதலில் பார்த்தால் அது தனக்குத் தெரிந்த வழியில் ஒரு ஒலியைக் கற்பித்துக்கொள்ளும். அப்புறம் அதைக் கலைப்பது பெரிய பாடு. நான் இன்னும் சில சொற்களைக் கலைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது உங்களிடம் எனக்குள்ள மனத்தாங்கலுக்கு வருகிறேன். கேட்டல் என்ற பகுதி பாடநூல்களில் இல்லாமல் இல்லை. கீழ் வகுப்புகளில் பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது. மேல் வகுப்புப் புத்தகங்களில் ஆசிரியர் படித்துக்காட்டுவதற்கென்றே தனியாகப் பத்திகள் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் கேட்கச் சொன்ன அடுத்த நிமிடம் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறீர்கள், சரியா தவறா என்கிறீர்கள், வரிசைப்படுத்து என்கிறீர்கள். கதை கேட்கிற பிள்ளையின் பாதி மனசு, இதில் என்ன கேட்பார்களோ என்று பயந்துகொண்டே இருக்கிறது. பயந்த காதில் கதை ஏறாது.

ஒரு நாள் வகுப்பைப் பார்வையிட ஒருவர் வந்தார். ஆட்டுக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் தவளைக் குரலில் கத்தி முடித்ததும் அவர் எழுந்து, "இந்தக் கதையிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டார். திண்ணை அடங்கிப்போனது. யாருக்கும் எந்த நீதியும் தெரியவில்லை. ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டது, அதற்கு மேல் என்ன வேண்டும்? போகும்போது என்னிடம், "கதை நல்லாத்தான் இருக்கு, கற்றல் விளைவு என்னன்னு குறிச்சு வைங்க, ஒரு போட்டோவும் எடுத்துடுங்க" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு மேலே கேட்கிறார்களோ என்னவோ. மறுநாள் நான் அதே கதையை எடுத்தபோது இரண்டு பிள்ளைகள் கேட்டார்கள்: "அக்கா, இன்னிக்கும் கடைசியில கேள்வி உண்டா?"

எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. கேள்வி. திருக்குறளில் அந்தத் தலைப்பில் ஒரு அதிகாரமே இருக்கிறது, 42-வது. அங்கே கேள்வி என்றால் காதால் கேட்டு அறிவது. (குறளை மேற்கோள் காட்டப் போவதில்லை, உங்கள் எல்லா விழா மேடையிலும் கேட்டிருப்பீர்கள்.) பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் அந்தப் பொருள் எங்கோ கழன்று விழுந்து, கேள்வித்தாளில் இருக்கிற கேள்வி மட்டும் மிஞ்சிவிட்டது.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள் அதிகம். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசையும் இங்கேதான் இருக்கிறது. திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பிரசங்கத்தில் வில்லிபுத்தூரார் பாட்டை ஒருவர் ராகம் போட்டுப் பாடுவார், பிறகு அதற்கு நடைமுறைத் தமிழில் விளக்கம் சொல்லுவார்கள். என் பாட்டி கைநாட்டு. ஆனால் "வஞ்சினம்", "வேள்வி", "அஞ்ஞாதவாசம்" என்பதெல்லாம் அவள் வாயில் கத்திரிக்காய், முருங்கைக்காய் மாதிரி சாதாரணமாக வரும். மருமகள்களோடு சண்டை போடும்போதுகூட "நானும் ஒரு வஞ்சினம் வெச்சிருக்கேன்" என்பாள். அந்த இலக்கியத் தமிழ் அவளுக்கு வீட்டுத் தமிழ் இல்லை, ஏறக்குறைய வேறு மொழி. வருஷா வருஷம் அதே கதையைக் கேட்டுத்தான் வந்தது. துரியோதனன் மாளும் படுகளக் கூத்து முடிந்து வீட்டுக்குப் போகிறவளை வழிமறித்து, "துரியோதனன் எத்தனையாம் நாள் மாண்டான், கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று யாரும் கேட்டதில்லை.

இது திண்ணைப் பேச்சு, ஆராய்ச்சி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியவர்கள்தான் நீங்கள். 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். புத்தகமே அதிகம் இல்லாத எட்டு கிராமப்புறப் பள்ளிகள், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஆங்கிலம் அவர்களுக்கு வீட்டு மொழி இல்லை. பள்ளியில் வாக்கிய அமைப்புகளை வரிசையாக வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறைதான் அதுவரை. அந்த வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் படித்துக்காட்ட, பிள்ளைகள் சேர்ந்து பார்த்துக் கேட்டுப் பேசினார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களாகவே மௌனமாகப் படித்தார்கள். எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, படித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அவர்கள் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இரண்டாம் வருஷத்தில் அந்தப் பலன் மற்ற மொழித் திறன்களுக்கும் பரவியது. 1983-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஃபிஜி என்றதும் ஏதோ தூர தேசம் என்று தள்ளிவிடாதீர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியர்கள் அங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நிறையப் பேர் எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். இங்கே செய்ய முடியாத எதையும் அங்கே செய்துவிடவில்லை.

அதே எல்லி பிற்பாடு நியூசிலாந்தில் செய்த இன்னொரு ஆய்வு 1989-இல் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொந்த மொழி, அதனால் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரே கதையை ஒரு வாரத்துக்குள் மூன்று முறை படித்துக்காட்டினால், யாரும் பொருள் சொல்லாமலே பிள்ளைகள் புதுச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். படிக்கும்போதே போகிற போக்கில் ஒரு சொல்லுக்குப் பொருளைச் சொல்லிவிட்டுப் போனால் அந்த லாபம் இரட்டிப்புக்கும் மேல் போனது. மூன்று முறை என்பதைக் கவனியுங்கள். நம் பாடத்திட்டத்தில் ஒரு கதைக்கு ஒரு முறைதான் உயிர். அடுத்த வாரம் அடுத்த பாடம்.

எல்லாக் கதையும் எடுபடும் என்று சொல்ல வரவில்லை. ஆடு கொடுத்த தைரியத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஒலிக்கதையை இறக்கி, 450 ரூபாய் ஸ்பீக்கரில் போட்டேன். வெள்ளைக்காரக் குரல், அழகான குரல்தான், ஆனால் ஆற்றுவெள்ளம் மாதிரி நிற்காமல் ஓடியது. இரண்டு நிமிடத்தில் ஒரு வாண்டு என் மடியில் தூங்கிவிட்டது. இன்னொன்று, "அக்கா, நியூஸ் எப்ப முடியும்?" என்றது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கென்று தனி ஒலிபரப்பு, சுமார் 1,500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியங்களில், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில். சொல்லைச் சொல்லாக உடைத்துப்போட்டு இழுப்பது இல்லை, நிதானம். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆடு, மாடு, ஏரி, பஸ் ஸ்டாண்டு, சந்தை இதையெல்லாம் வைத்துக் கதை எழுத உங்களுக்கா ஆள் இல்லை?

குரலும் நம் குரலாகவே இருக்கட்டும். "எங்க இங்கிலீஷே சுமார்தான், நாங்க படிச்சா தப்பா பதிஞ்சிடுமே" என்று பள்ளி ஆசிரியர்கள் பலர் என்னிடம் கூச்சப்பட்டிருக்கிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் ஒலிப்பதிவு கேட்கிறேன். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒருவர், தருமபுரியிலிருந்து ஒருவர் என்று படித்துப் பதிவு செய்யுங்கள். லண்டன் குரல் வேண்டாம். முதல் முறை ஒலிப்பதிவு, இரண்டாம் முறை அதோடு சேர்ந்து ஆசிரியர், மூன்றாம் முறை ஆசிரியர் மட்டும் என்று போனால் ஆசிரியரின் கூச்சமும் சேர்ந்து போய்விடும். எனக்குப் போனது.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டீர்கள், நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளைக்குத் தேவைப்படும் நேரத்தில் போன் அப்பாவோடு கம்பெனிக்கோ கழனிக்கோ போயிருக்கும். வகுப்பில் டீச்சர் போனில் போட்டால் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். தயவுசெய்து பென்டிரைவில் கொடுங்கள். திறன்மிகு வகுப்பறைப் பலகையிலும் ஓடும், ஊர்க் கோயில் மைக் செட்டிலும் ஓடும்.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை கதை கேட்க தினமும் 15 நிமிடம் போதும். ஆசிரியர் கையேட்டில் அதற்குக் கீழே ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள்: இதற்குப் பயிற்சி இல்லை, மதிப்பீடு இல்லை, செயலியில் எதுவும் பதிவேற்ற வேண்டாம். அச்சில் அந்த வரி இல்லாவிட்டால் பார்வையிட வருகிறவர் கேட்பார், ஆசிரியர் பயப்படுவார், மறுபடி கோடிட்ட இடம் வந்துவிடும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஆசிரியர்களின் பாதி நேரம் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதில் போகிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உங்கள் துறைக்கு இது புதிதும் இல்லை. 2023-இல் வாசிப்பு இயக்கம் என்று ஆரம்பித்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னத் தமிழ்ப் புத்தகங்கள் போட்டீர்கள். பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகம் மாதிரித் தொடவில்லை, தின்பண்டம் மாதிரித் தொட்டார்கள். ஆங்கிலத்துக்கும் அப்படி ஒன்று செய்தால் முதல் படிக்கு "நுழை" என்று பேர் வைக்காமல் "கேள்" என்று வைக்கலாம். இரண்டு மொழியிலும் ஒரே கதை இருந்தால் ரொம்ப நல்லது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் பல மொழிகளில் கதைகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள், தமிழிலும் உண்டு, சிலவற்றைக் கேட்டுக்கொண்டே படிக்கவும் செய்யலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த உரிமை உண்டு. பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தமிழே இன்னும் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலக் கதை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்குத்தான் இது முதலில் வேண்டும். காதுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் திண்ணையில் தவளைக்குரல் சிறப்பாக வந்தது, தமிழில் "ழ"வுக்கும் "ள"வுக்கும் இன்னும் தகராறு செய்துகொண்டிருந்த ஒரு இரண்டாம் வகுப்புக்காரிக்கு.

என் நோட்டில் இப்போது 14 கதைகள் இருக்கின்றன. ஆடு, தொலைந்த சாவி, ஏரியில் விழுந்த நிலா, பஸ்ஸைத் தவறவிட்ட தாத்தா, இப்படி. இலக்கணப்பிழை இருக்கும், உங்களில் யாராவது திருத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் என் குரலிலேயே போனில் பதிவு செய்தும் வைத்திருக்கிறேன். பின்னணியில் எங்கள் வீட்டுச் சேவல் கூவும், ஒன்றில் எதிர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். கேட்டால் அனுப்பிவைக்கிறேன், பென்டிரைவை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்.

செருப்பு மறுநாள் கிடைத்தது. நாய் தூக்கிக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் போட்டிருந்தது. பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

இப்படிக்கு,
இல்லம் தேடிக் கல்வி முன்னாள் தன்னார்வலர் ஒருத்தி,
திருவண்ணாமலை மாவட்டம்